கண்ணாடிச் சட்டத்துக்குள் ஓர் அம்மாள்

நமது நண்பர் ஒருவருடைய வீட்டில் சென்ற மாதம் ஒரு சிறு கலகம் நேர்ந்தது. கலகத்துக்குக் காரணம் ஒரு படம். கூடத்துச் சுவரில், ராமர் பட்டாபிஷேகத்துக்கும் மகாத்மாவுக்கும் அடுத்தாற்போல், காலஞ்சென்ற பெரியவர்களின் போட்டோக்கள் வரிசையாகத் தொங்கும் இடத்தில், நண்பர் புதிதாக ஒரு பெரிய படத்தைக் கண்ணாடிச் சட்டம் போட்டு மாட்டிவிட்டார். கன்னங்கரேலென்ற பின்னணி, அதன்மீது பழுப்பு நிறமாகச் சில எலும்புத் துண்டுகள். உற்றுப் பார்த்தால் தாடை, விலா, கை, இடுப்பு, தொடை என்று ஓர் உருவம் மெள்ள மெள்ளப் புலனாகும். அடியில் ஆங்கில எழுத்தில் ‘லூஸி’ என்று ஒரு பெயர்.

நண்பருடைய தாயாருக்கு இது கட்டோடு பிடிக்கவில்லை. “விளக்கு ஏற்றி வைக்கிற கூடத்தில் எலும்புக்கூட்டைக் கொண்டுவந்து மாட்டுவார்களா? யார் பெற்ற பெண்ணோ? தகனம் செய்தார்களோ, புதைத்தார்களோ, ஒருவருக்கும் தெரியாது. அவளை இப்படிப் பரப்பி வைத்து வேடிக்கை பார்ப்பது நன்றாயிருக்கிறதா?” என்று கேட்டார். நண்பரோ, “இது எலும்புக்கூடு அல்ல, அம்மா, கல்லாகிப்போன புராதன வஸ்து. நம் எல்லோருக்கும் பாட்டி!” என்றார். “பாட்டியானால் அவளுக்குத் திதி என்றைக்கு?” என்று அந்த அம்மாள் திருப்பிக் கேட்டதும் நண்பர் வாயடைத்துப் போனார். அந்தச் சமயம் பார்த்து உள்ளே நுழைந்த நம்மை இருவரும் மத்தியஸ்தராக நியமித்துவிட்டார்கள்.

மத்தியஸ்தம் செய்கிறவன் வழக்கைத் தெரிந்துகொள்ள வேண்டும் அல்லவா? ஆகவே அந்தப் படத்தின் பூர்வோத்தரத்தைத் தேடிப் படித்தோம். அந்த அம்மாளின் கேள்வி நாம் முதலில் நினைத்ததுபோல் வெறும் ஆசாரக் கேள்வி அல்லவென்பது படிக்கப் படிக்கத்தான் தெரிந்தது.

எதியோப்பியா தேசத்தை நம்மவர்களில் மூத்த தலைமுறையினர் அபிஸீனியா என்ற பெயரால் அறிந்திருந்தார்கள். 1896-ல் அடோவா யுத்தத்தில் இத்தாலியரைப் புறங்காட்டி ஓடச் செய்த தேசம் அது. 1935-ல் முஸோலினி மறுபடியும் அதன்மேல் படையெடுத்தபோது, அடிமைத் தளையில் கிடந்த இந்தியாவிலும் அனுதாபக் கூட்டங்கள் நடந்தன. அந்தத் தேசத்தின் வடகிழக்கில் அஃபார் என்று ஒரு தாழ்ந்த பிரதேசம் இருக்கிறது. வெயில் அனலாய்க் காயும் வறண்ட பூமி. அவாஷ் என்னும் நதி அதன் வழியே ஓடுகிறது. நதியோரத்தில் மழை அரித்து அரித்து உண்டான மேடுபள்ளங்கள் நிறைந்த இடத்துக்கு ஹதார் என்று பெயர். மோரீஸ் தாயெப் என்ற பிரெஞ்சு பூகர்ப்ப சாஸ்திரி அவ்விடத்தின் அருமையைக் கண்டறிந்தார். அவரும், ஈவ் கோப்பென்ஸ் என்ற பிரெஞ்சுக்காரரும், டொனால்டு ஜோஹான்ஸன் என்ற அமெரிக்க இளைஞரும் சேர்ந்து அங்கே முகாம் போட்டு ஆராய்ந்து வந்தார்கள்.

1974-ம் வருஷம் எதியோப்பியாவுக்குப் பொல்லாத வருஷம். செப்டம்பர் 12-ந் தேதி சக்கரவர்த்தி ஹெய்லி செலாஸி சிம்மாசனத்திலிருந்து இறக்கப்பட்டார். நவம்பர் 23-ந் தேதி இரவு, பழைய ராஜாங்கத்தைச் சேர்ந்த மந்திரிகளும் தளபதிகளுமாகச் சுமார் 60 பேர் தலைநகரில் விசாரணையின்றிச் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. அன்று காலைதான், வெகு தொலைவில் ஹதாரிலே, ஜோஹான்ஸனும் டாம் கிரே என்ற மாணாக்கரும் எலும்பு தேடி அலைந்துவிட்டு முகாமுக்குத் திரும்ப எத்தனித்தார்கள். அப்போது சரிவில் கிடந்த சிறு துண்டு ஒன்று ஜோஹான்ஸன் கண்ணில் பட்டது. முழங்கை எலும்பின் ஒரு பகுதி. அவ்வளவு சிறிதாக இருந்தபடியால், குரங்கினுடையதாகத்தான் இருக்குமென்று கூட இருந்தவருக்கு முதலில் தோன்றியதாம். பக்கத்தில் பார்த்தால் மண்டையோட்டுச் சில்லு ஒன்று; சற்றுத் தள்ளித் தொடை எலும்பு; முதுகெலும்பு; இடுப்பு; விலா. எல்லாம் ஒரே சரிவில்!

பிறகு முகாமிலிருந்த எல்லோரும் சேர்ந்து இரண்டு மூன்று வாரம் அந்தச் சரிவைச் சல்லடை போட்டுச் சலித்தார்கள். நூற்றுக்கணக்கான துண்டுகள் கிடைத்தன. அவற்றைப் பொருத்திப் பார்த்ததில், ஓர் உடம்பிலுள்ள 200-க்கு மேற்பட்ட எலும்புகளில் 47 எலும்புகளின் பகுதிகள் தேறின. கையும் காலும் வலம் இடமாக ஒன்றுக்கொன்று ஜோடி ஆகையால், உடம்பில் ஏறக்குறைய நூற்றுக்கு நாற்பது பங்கு கைக்கு வந்துவிட்டதாகக் கணக்கிட்டார்கள். இத்தனை துண்டுகளில் ஒரே எலும்பு இரண்டு முறை வரவில்லை. இரண்டு இடது தொடை இல்லை. இரண்டு தாடை இல்லை. ஆகவே இவை பலருடைய எலும்புகள் கலந்தவையல்ல, ஒரே ஜீவனுடையவை என்று தீர்மானித்தார்கள். அவ்வளவு புராதனமான காலத்திலிருந்து, அதற்கு முன் கிடைத்தவையெல்லாம் ஒரு பல், ஒரு தாடை, ஒரு மூட்டு என்று உதிரி உதிரியானவைதான். ஓர் ஆளே எழுந்து வந்தது அதுதான் முதல் தடவை.

இங்கே படத்தைப் பற்றி ஒரு வார்த்தை. சுவரில் பார்க்கும்போது, யாரோ ஒரு ஸ்திரீ நீட்டிப் படுத்த நிலையில் புதைக்கப்பட்டு, அப்படியே தோண்டி எடுக்கப்பட்டாள் என்றுதான் எவருக்கும் தோன்றும். அது தவறு. சரிவில் சிதறிக் கிடந்தவற்றை ஆராய்ச்சியாளர்கள்தாம் கறுப்புத் துணிமேல் அதனதன் ஸ்தானத்தில் வைத்தார்கள். படத்தில் நாம் காணும் ஒழுங்கு மனிதக் கையின் ஒழுங்கு. ஆகவே நண்பருடைய தாயார் கேட்ட கேள்விக்கு ஒரு பாதி விடை கிடைத்துவிட்டது. அவளை யாரும் தகனம் செய்யவுமில்லை, புதைக்கவுமில்லை. இறந்தவருக்குக் கர்மம் செய்ய வேண்டுமென்ற எண்ணம் உலகில் உதிக்குமுன்பே அவள் போய்விட்டாள். ஆற்று வண்டல்தான் அவளை மூடிற்று.

படம் செய்யும் இன்னொரு மோசம், அளவைப் பற்றியது. பக்கத்தில் ஓர் அளவுகோலோ, ஒரு கைக்குட்டையோ இருந்தால் தெரிந்துவிடும். இல்லாதபடியால் நண்பர் வீட்டுக் குழந்தைகள் அவள் தங்கள் தகப்பனார் உயரம் இருப்பாள் என்று எண்ணியிருந்தார்கள். உண்மையில் அவள் உயரம் மூன்றரை அடிதான். எடை 30 கிலோவுக்குள். அப்படியானால் குழந்தையோ என்றால், அதுவும் இல்லை. தாடையில் கடைவாய்ப் பல் முளைத்துத் தேய ஆரம்பித்திருக்கிறது. எலும்பு முனைகள் வளர்ச்சி முடிந்து ஒன்றோடொன்று கூடியிருக்கின்றன. ஆகவே பருவம் வந்தவளே. உருவம் சிறிதாயிருப்பதைக் கொண்டு பெண் என்று பெரும்பாலோர் கொள்கிறார்கள். ஆண் என்று வாதாடியவர்களும் உண்டு.

அவளுடைய காலம் இன்றைக்கு ஏறக்குறைய 32 லட்சம் வருஷங்களுக்கு முன். ‘அதெப்படித் தெரியும்?’ என்று நேயர்கள் கேட்கலாம். ஹதாரில் எரிமலைச் சாம்பல் அடுக்கடுக்காகப் படிந்திருக்கிறது. சாம்பலிலுள்ள பொட்டாஸியத்தில் ஒரு சிறு பகுதி, காலம் செல்லச் செல்ல, ஆர்கான் என்ற வாயுவாக மாறிக்கொண்டே வரும். எரிமலை கக்கும்போது பழைய வாயு வெளியேறிவிடுவதால், அன்று தொட்டுக் கணக்கு புதிதாகத் துவங்குகிறது. நாழிகை வட்டிலில் சொட்டுச் சொட்டாக நீர் சேர்வதுபோல் வாயு சேருகிறது. சேர்ந்ததை அளந்தால் காலம் தெரிகிறது. எலும்புக்கு மேலும் கீழும் இருந்த சாம்பல் அடுக்குகளைக் கொண்டு அவளுடைய காலத்தை நிர்ணயித்தார்கள்.

இதெல்லாம் ஒரு புறம் இருக்க, பண்டிதர்களைத் திகைக்க வைத்தது அவளுடைய இடுப்பும் தொடையுமே. மனிதக் குரங்குகளின் இடுப்பெலும்பு நீண்டு உயர்ந்திருக்கும். நம்முடையது குட்டையாகவும் அகலமாகவும், வயிற்றைத் தாங்கும் கிண்ணம்போல் வளைந்திருக்கும். அவளுடையதும் அப்படியே. தொடை எலும்பு நமக்கு இடுப்பிலிருந்து முழங்காலை நோக்கி உட்புறமாகச் சாய்ந்து இறங்குகிறது. அதனால்தான் ஒரு காலைத் தூக்கும்போது மற்றொரு கால்மேல் உடம்பு நிலைத்து நிற்கிறது. சிம்பன்ஸிக்கு அந்தச் சாய்வு இல்லை. இரண்டு காலில் நடந்தால் பக்கத்துக்குப் பக்கம் ஆடும். அவளுக்குச் சாய்வு இருந்தது. அதாவது அவள் நிமிர்ந்து நடந்தவள். ஆனால் மண்டையோ சிறியது; மூளை சிம்பன்ஸியினுடையதைவிட அதிகம் பெரிதல்ல. கைகள் நீண்டவை, மரம் ஏறும் பழக்கத்தை அவள் முற்றும் விட்டுவிடவில்லை போலும்.

‘கால் முந்தியது, தலை பிந்தியது’ என்னும் இந்தச் செய்தியின் முக்கியம் தெரிய வேண்டுமானால் ஒரு பழைய கதையைச் சொல்ல வேண்டும். 1912-ல் இங்கிலாந்தில் பில்ட்டௌன் என்ற ஊரில் ஒரு மண்டையோடும் தாடையும் அகப்பட்டதாகப் பிரசித்தம் செய்தார்கள். பெரிய மூளை, குரங்குத் தாடை. ‘பார்த்தீர்களா, மனித குலம் முதலில் மூளையில்தான் வளர்ந்தது, அதுவும் எங்கள் இங்கிலாந்தில் வளர்ந்தது’ என்று அந்நாட்டுப் பண்டிதர்கள் பலர் பூரித்துப் போனார்கள். தென் ஆப்பிரிக்காவில் டௌங் என்ற இடத்திலே 1924-ல் ஒரு குழந்தையின் மண்டை கிடைத்தது. ரேமண்டு டார்ட் என்பவர் மறு வருஷம் அதைப் பற்றி எழுதி, சிறு மூளையோடு நிமிர்ந்து நடந்த ஜீவன் ஆப்பிரிக்காவில் இருந்தது என்று சொன்னார். அவரை மதிப்பார் இல்லை. அது வெறும் குரங்குக் குட்டி என்று சீமைப் பண்டிதர்கள் தள்ளிவிட்டார்கள். 1953-ல் பில்ட்டௌன் எலும்பு முழு மோசடி என்று அம்பலமாயிற்று. மனித மண்டையோட்டோடு குரங்கின் தாடையைச் சேர்த்து, சாயம் பூசி, பல்லை அரம் கொண்டு ராவி எவரோ செய்த வேலை! நாற்பது வருஷம் கெட்டிக்காரர்களெல்லாம் ஏமாந்திருந்தார்கள். ஏமாற விரும்பியவர்களை ஏமாற்றுவது எளிது. இதைப் படித்து நாம் சிரிக்கலாம். சிரித்துவிட்டு, நம் தேசத்திலும் உலகத்து வஸ்துக்கள் யாவும் இங்கேதான் முதலில் தோன்றின என்று சாதிக்கும் பெரியவர்கள் சிலரை நினைத்துச் சற்று அடக்கிக்கொள்ளவும் செய்யலாம்.

இப்போது பெயருக்கு வருவோம். நம் மனத்தை உறுத்திய விஷயம் இதுதான். எலும்பு அகப்பட்ட அன்றிரவு முகாமில் ஒரே கொண்டாட்டம். ‘பீட்டில்ஸ்’ என்ற ஆங்கிலப் பாடகர் கோஷ்டியின் பாட்டு ஒன்று டேப் ரிக்கார்டரில் ஓடிற்று. அந்தப் பாட்டில் லூஸி என்ற பெண்ணின் பெயர் வருகிறது. அதையே இவளுக்கும் வைத்துவிட்டார்கள். புத்தகக் கணக்கில் அவளுக்கு ‘ஏ.எல். 288-1’ என்று ஓர் இலக்கம் உண்டு. லூஸி என்ற பெயர் ஒட்டிக்கொண்டதில் அதிசயமில்லை. இலக்கத்தைக் காட்டிலும் அது எவ்வளவோ மேல்.

ஆனால் எதியோப்பியர்கள் அவளை வேறு பெயரால் அழைக்கிறார்கள். அவர்களுடைய அம்ஹாரிக் பாஷையில் ‘டிங்க்னெஷ்’ என்பது அந்தப் பெயர். ‘நீ அற்புதமானவள்’ என்று அர்த்தமாம். இது முன்னிலையில் அமைந்த பெயர் என்பதை நேயர்கள் கவனிக்க வேண்டும். ‘அவள் அற்புதமானவள்’ என்றால் பொருட்காட்சிசாலைச் சீட்டாகிவிடும். ‘நீ’ என்றால், எதிரில் நிற்கிற ஒருத்தியின் முகத்தைப் பார்த்துச் சொல்லும் வார்த்தை. தூத்துக்குடியை ‘டூட்டிகோரின்’ என்றும், திருச்சிராப்பள்ளியை ‘ட்ரிச்சினாபொலி’ என்றும் பிறர் எழுதி நாமும் அப்படியே எழுதப் பழகிய கதையை அறிந்த நமக்கு, டிங்க்னெஷ் என்ற பெயர் உலகப் படங்களின் அடியில் ஏன் அச்சாவதில்லை என்பது விளங்காத விஷயமல்ல.

நியாயத்தையும் சொல்லிவிட வேண்டும். 1978-ல் ஜோஹான்ஸன் முதலியோர் இந்த இனத்துக்குச் சாஸ்திரப் பெயர் சூட்டியபோது ‘ஆஸ்ட்ரலோபிதெக்கஸ் அஃபாரென்ஸிஸ்’ என்றார்கள். அஃபார் பூமியின் பெயர் அதில் நிலைத்துவிட்டது. எதியோப்பிய ஸர்க்காரோடு செய்த ஒப்பந்தப்படி ஆராய்ச்சிக்காக அமெரிக்காவில் கிளீவ்லாந்துக்குக் கொண்டு போன எலும்புகளை 1980-ல் திருப்பிக் கொடுத்தும் விட்டார்கள். எடுத்துப்போன புராதன வஸ்துக்களைத் திருப்பிக் கொடுக்க மனம் வராத தேசங்கள் பல இருக்க, இது பாராட்டத்தக்க காரியம். இப்போது அவள் ஆடிஸ் அபாபா நகரில் எதியோப்பியாவின் தேசியப் பொருட்காட்சிசாலையைச் சேர்ந்தவள். அங்கே ஜனங்கள் காண்பது பெரும்பாலும் வார்ப்புப் பிரதியே; அசல் பத்திரமாகப் பூட்டி வைக்கப்பட்டிருக்கிறது.

அப்படிப் பூட்டி வைத்திருந்தவளைத்தான் 2007-ல் அமெரிக்காவுக்குப் பிரயாணம் அனுப்பினார்கள். ஹூஸ்டன் நகரில் முதல் காட்சி. இத்தனை அருமையான வஸ்துவை ஊர் ஊராக எடுத்துச் செல்வது தகாது என்று பல நிபுணர்கள் எச்சரித்தார்கள். கென்யா தேசத்து ரிச்சர்டு லீக்கி வெளிப்படையாகவே கண்டித்தார். வாஷிங்டனிலுள்ள ஸ்மித்ஸோனியன் காட்சிக்கு ஏற்க மறுத்துவிட்டது. தேசத்துக்குக் கீர்த்தியும் வருமானமும் கிடைக்கும், யாத்திரிகர்கள் வருவார்கள் என்பது எதியோப்பிய அதிகாரிகளின் கட்சி. அவர்கள் சொத்து, அவர்கள் தீர்மானம். எனினும், ஆடிஸ் அபாபாவிலுள்ள பள்ளிப் பிள்ளை பிரதியைப் பார்த்துத் திருப்தியடைய, ஹூஸ்டனிலுள்ளவர் காசு கொடுத்து அசலைப் பார்த்தார் என்பதை நினைக்கையில் நமக்கு மனம் ஒப்பவில்லை. 2013-ல் அவள் வீடு திரும்பினாள். 2025-ல் மறுபடியும் கடல் கடந்து, ஐரோப்பாவில் பிராக் நகரத்துக்குப் போனாள்.

அந்த அமெரிக்கப் பிரயாணத்தில் ஒரு லாபமும் இல்லாமல் போகவில்லை. 2008-ல் டெக்ஸஸ் சர்வகலாசாலையில் அவளுடைய எலும்புகளை ஒவ்வொன்றாக ஸி.டி. ஸ்கேன் செய்தார்கள். அதை வைத்து ஜான் கேப்பல்மன் என்பவரும் அவருடைய சகாக்களும் 2016-ல் ஓர் அபிப்பிராயம் வெளியிட்டார்கள். தோள் எலும்பிலும் மற்ற இடங்களிலும் உள்ள முறிவுகள், உயரத்திலிருந்து விழுகிறவன் கையை ஊன்றித் தப்ப முயலும்போது உண்டாகும் முறிவைப்போல் இருக்கின்றன. ஆகவே அவள் மரத்திலிருந்து விழுந்து இறந்தாள் என்பது அவர்கள் முடிவு. ஜோஹான்ஸனும் டிம் ஒயிட் என்பவரும் இதை ஒப்பவில்லை. மண்ணுக்குள் லட்சக்கணக்கான வருஷம் நசுங்கிக் கிடந்தால் எந்த எலும்பும் இப்படித்தான் வெடிக்கும். மான், யானை முதலிய மற்ற மிருகங்களின் எலும்புகளிலும் இதே வெடிப்பு இருக்கிறதே, அவையும் மரத்திலிருந்து விழுந்தனவா என்பது அவர்கள் வாதம். படத்திலே அந்தப் பிளவுகள் மெல்லிய கோடுகளாகத் தெரிகின்றன. கையை ஊன்றினாளோ இல்லையோ, அந்தக் கோடுகளைக் கண்ட பிறகு அவற்றை வெறும் கல்லாகப் பார்க்க நம்மால் முடியவில்லை.

இன்னொன்றையும் சந்தோஷத்தோடு குறிப்பிட வேண்டும். அந்தக் காலத்து முகாம்களில் கூர்ந்த கண்ணால் எலும்பைக் கண்டுபிடித்தவர்கள் பலர் ஆப்பிரிக்கர்களே. புத்தகம் எழுதிப் புகழ் பெற்றவர்கள் வெள்ளைக்காரர்கள். 1974-ல் அலெமாயெஹு அஸ்ஃபா என்ற எதியோப்பியர் ஹதாரிலே தாடைகளைக் கண்டெடுத்தவர். எத்தனை பேருக்கு அவர் பெயர் தெரியும்? இப்போது காலம் மாறிவிட்டது. ஹதாருக்கு அருகே, டிக்கிகா என்ற இடத்தில், 2000-ல் இதே இனத்தைச் சேர்ந்த மூன்று வயதுக் குழந்தை ஒன்றின் எலும்புக்கூட்டை வெளிப்படுத்தியது ஸெரெஸெனாய் அலெம்ஸெகெட் என்ற எதியோப்பிய அறிஞருடைய குழு. வருஷக் கணக்காகப் பொறுமையுடன் மணலைச் சுரண்டி எடுத்த அந்தக் குழந்தைக்கு ‘ஸெலாம்’, அதாவது சமாதானம், என்று பெயரிட்டார். பத்திரிகைகள் ‘லூஸியின் குழந்தை’ என்று அதற்குப் பட்டம் கட்டின. தாயைவிட ஒரு லட்சம் வருஷம் மூத்த குழந்தை!

இவள் நம் நேர் பாட்டிதானா என்று நண்பருடைய தாயார் கேட்டதற்கு நாம் உள்ளதைச் சொன்னோம். இருக்கலாம் என்கிறார்கள் பலர். பாட்டியின் தமக்கை வழியாகவும் இருக்கலாம் என்கிறார்கள் வேறு சிலர். அக்காலத்தில் வேறு இனங்களும் இருந்தன. நண்பர் சொன்ன அளவுக்கு நிச்சயம் கிடையாது. இதைக் கேட்டு நண்பர் முகம் சுண்டிற்று. தாயார் முகம் மலர்ந்தது. பிறகு, அவள் மூன்றரை அடி என்று நாம் சொன்னபோதுதான் அந்த அம்மாள் எழுந்து படத்தருகே போனார். வெகு நேரம் பார்த்தார். “இத்தனூண்டா! கை ஊன்றி விழுந்தாளா?” என்று கேட்டார். “அப்படிச் சிலர் சொல்கிறார்கள்” என்றோம். “கூட யாராவது இருந்தார்களா?” என்றார். அதற்குச் சாஸ்திரத்திலும் பதில் இல்லை.

மத்தியஸ்தத்தின் முடிவு இது. படம் காலஞ்சென்றவர்களின் வரிசையிலிருந்து இறங்கி, குழந்தைகள் படிக்கும் அறைக்குப் போயிற்று. அடியிலிருந்த ஆங்கிலப் பெயருக்குக் கீழே, நண்பருடைய மூத்த பெண் ஒரு வெள்ளைக் காகிதத்தில் ‘டிங்க்னெஷ்’ என்று தமிழில் எழுதி ஒட்டினாள். அந்த அறையின் கதவு நிலையில்தான் குழந்தைகளின் உயரத்தை வருஷாவருஷம் பென்ஸிலால் கோடு போட்டுக் குறித்து வருகிறார்கள். மூன்றரை அடியில் புதிதாக ஒரு கோடு போட்டு அதற்கும் அந்தப் பெயரையே எழுதினார்கள். கடைக்குட்டிப் பையன் தினம் காலையில் எழுந்ததும் நிலையில் முதுகை ஒட்டி நின்று பார்த்துக்கொள்கிறானாம். இன்னும் இரண்டு விரற்கடை பாக்கி இருக்கிறதென்று நண்பர் எழுதியிருக்கிறார்.